மறைந்த எழுத்தாளர்களின் கதைகளைத் தொகுத்து மின்னூல், ஒலிநூல் போடுவது: பதிப்புரிமையில் அடிப்படைச் சந்தேகங்கள்

ஏட்டுப்பூச்சி:

வணக்கம். மறைந்த 7 எழுத்தாளர்களின் 15 சிறுகதைகளைத் தொகுத்து, ஒவ்வொன்றுக்கும் முன்னால் ஒரு பக்க அறிமுகம் எழுதி, மின்னூலாகவும் ஒலிநூலாகவும் வெளியிடத் திட்டம். விற்பனை இணையக் கடைகளில் மட்டும். இந்தியா, இலங்கை, மலேசியா, சிங்கப்பூர் வாசகர்களை எதிர்பார்க்கிறேன். தேடிப் படித்தால் ஒருவர் சொல்வதை அடுத்தவர் மறுக்கிறார். தெரிந்தவர்கள் விளக்க வேண்டும்.

1. பதிவு செய்யாத, © குறி போடாத படைப்புக்கு உரிமை உண்டா? என் அறிமுகங்களை நான் பதிய வேண்டுமா?
2. எழுத்தாளர் இறந்து எத்தனை ஆண்டு? 50, 60, 70 என்று மூன்று கணக்கும் கண்ணில் படுகிறது.
3. அட்டைக்கு இணையத்தில் கிடைத்த படத்தைப் போட்டு ‘நன்றி: இணையம்’ என்று குறிப்பிட்டால் போதுமா?
4. அறிமுகத்தில் வேறொரு விமர்சகரின் வரிகளை மேற்கோள் காட்ட வேண்டும். 10 சதவீதம் வரை பரவாயில்லை என்கிறார்கள். ஒலிநூலில் கதை தொடங்கும்போது 30 வினாடிக்குக் குறைவாகப் பாட்டு போட்டாலும் பிரச்சினை இல்லையாம். உண்மையா?
5. அட்டை வரைபவருக்கும் கதை வாசிப்பவருக்கும் பணம் கொடுத்துவிடுவேன். அதற்குமேல் ஏதாவது எழுதி வாங்க வேண்டுமா?

கல்வெட்டான்:

முதலில் ஒரு சொல் விவகாரம். செய்தித்தாள்களே ‘காப்புரிமை’ என்று எழுதிக் குழப்புகின்றன. புதுக் கருவிக்கோ செய்முறைக்கோ கிடைப்பது காப்புரிமை. அதற்கு விண்ணப்பம், பரிசோதனை எல்லாம் உண்டு. கடைப்பெயருக்கும் சின்னத்துக்கும் உள்ளது வணிகக்குறி. எழுத்து, ஓவியம், இசை, படம், மென்பொருள் ஆகியவற்றுக்கு உள்ளதுதான் பதிப்புரிமை. மூன்றின் விதிகளும் வெவ்வேறு. ஒன்றன் விதியை இன்னொன்றுக்குப் போட்டுப் பார்ப்பதால்தான் ‘பதிந்தால்தான் உரிமை’ என்ற எண்ணமே வருகிறது.

பதிப்புரிமை, எழுதி முடித்த கணத்திலேயே பிறந்துவிடும். பதிப்புரிமைக்காக நாடுகள் தங்களுக்குள் செய்துகொண்ட, 1886இல் உருவான பெர்ன் உடன்படிக்கையில் இன்று 180க்கும் மேற்பட்ட நாடுகள் இருக்கின்றன. நீங்கள் சொன்ன நான்கும் அதில் அடக்கம். எந்தச் சடங்கும் இல்லாமலே உரிமை கிடைக்க வேண்டும் என்பது அதன் 5ஆம் பிரிவு. © குறி கட்டாயம் என்ற நினைப்பு அமெரிக்காவின் பழைய சட்டத்திலிருந்து வந்தது. அந்த நாடு 1989 மார்ச் 1 முதல்தான் பெர்னுக்குள் வந்தது. அதற்கு முன் அங்கே குறி போடாமல் வெளியிட்டு உரிமையை இழந்தவர்கள் உண்டு.

பதிவு செய்வதால் வருவது சான்று வசதி. இந்தியாவில் பதிவேட்டில் இருக்கும் விவரத்தை நீதிமன்றம் முதல்நோக்கிலேயே சான்றாக ஏற்கும், மறுப்பவர்தான் எதிர்ச்சான்று காட்ட வேண்டும். அமெரிக்காவில் மட்டும் அந்நாட்டுப் படைப்பாக இருந்தால் பதியாமல் வழக்கே போட முடியாது. உங்கள் ஒரு பக்க அறிமுகங்களுக்குத் தனித்தனியாகப் பதிவு என்பது வீண் செலவு. திருத்தக் குறிகளோடு உள்ள வரைவுகள், தேதியோடு கூடிய கோப்புகள், மெய்ப்புப் பார்த்தவருடன் நடந்த மின்னஞ்சல்கள் இவற்றை அழிக்காமல் வைத்திருங்கள். உறையில் போட்டு ஒட்டித் தனக்கே தபாலில் அனுப்பிக்கொள்ளும் பழைய யோசனையை யாராவது சொன்னால் காதில் வாங்காதீர்கள். ஒட்டாத வெற்று உறையை அனுப்பி முத்திரை வாங்கிக்கொண்டு எப்போது வேண்டுமானாலும் உள்ளே காகிதம் செருகலாம்.

அடுத்தது, எதற்கு உரிமை என்பது. சொன்ன விதத்துக்கு உண்டு, சொல்லப்பட்ட கருத்துக்கு இல்லை. ‘ஊரை விட்டுப் போனவன் கிழவனாகித் திரும்பும்போது வீட்டில் யாருக்கும் அடையாளம் தெரியவில்லை’ என்பது கரு. அதை வைத்து நூறு பேர் எழுதலாம். ஆனால் ஒருவர் அமைத்த காட்சி வரிசையையும் உரையாடலையும் பாத்திரங்களின் குறிப்பான குணங்களையும் அப்படியே தூக்கினால் பெயர்களை மாற்றியும் தப்ப முடியாது. இந்தியாவில் இதற்கு இன்றும் காட்டப்படுவது 1978இல் உச்ச நீதிமன்றம் தீர்த்த ஆர்.ஜி. ஆனந்த் வழக்கு. ஒரு நாடகத்தைத் திரைப்படமாகத் திருடிவிட்டார்கள் என்பது புகார். இரண்டிலும் மாகாணவாதம்தான் பேசுபொருள், ஆனால் கையாண்ட விதம் வேறு என்று சொல்லி நீதிமன்றம் புகாரைத் தள்ளிவிட்டது.

தலைப்பு, பெயர், ஓரிரு சொல் தொடர், தகவல், தேதி இவற்றுக்குப் பதிப்புரிமை இல்லை. உழைத்துத் திரட்டினேன் என்பது மட்டுமே போதாது. 1991இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம், அகர வரிசையில் அடுக்கிய தொலைபேசி விவரப் புத்தகத்துக்கே உரிமை இல்லை என்றது.

ஒற்றெழுத்து:

கல்வெட்டான் சொன்னதோடு ஒன்றைச் சேர்க்கிறேன், தொகுப்பு போடுபவர்கள் மாட்டிக்கொள்வது பெரும்பாலும் இதில்தான். ‘இந்தக் கதைக்கு உரிமை இருக்கிறதா’ என்று ஒருமையில் கேட்கக் கூடாது. ஒரே பக்கத்தில் பல அடுக்கு இருக்கும். ஒவ்வொன்றுக்கும் ஆள் வேறு, கெடு வேறு.

கடையில் வாங்கிய ஒரு செம்பதிப்பை (பழைய பதிப்புகளை ஒப்பிட்டு, குறிப்புகளோடு ஒருவர் பதிப்பித்ததை) கையில் எடுங்கள். மேலே கதையின் தலைப்பு, அதன் கீழே முதலில் வெளியான இதழும் ஆண்டும். பிறகு கதை. நடுநடுவே சின்ன எண்கள், பக்கத்தின் அடியில் வட்டாரச் சொல்லுக்குப் பொருளும் பாடபேதமும். முன்னால் பதிப்பாசிரியரின் 12 பக்க முன்னுரை, பின்னால் காலவரிசைப் பட்டியல். எழுத்தாளர் இறந்து 70 ஆண்டு ஆகியிருந்தாலும் முன்னுரையும் அடிக்குறிப்பும் நேற்று எழுதப்பட்டவை. அவற்றுக்கான காலம் இப்போதுதான் ஓடத் தொடங்கியிருக்கிறது. இதழ் பெயரும் ஆண்டும் தகவல், அவற்றைத் தாராளமாக எடுக்கலாம்.

2007 டிசம்பரில் இந்திய உச்ச நீதிமன்றம் ஈஸ்டர்ன் புக் கம்பெனி வழக்கில் இந்தக் கோட்டைத் தெளிவாகவே போட்டது. தீர்ப்பின் மூல வாசகம் எல்லாருக்கும் பொது. அதைப் பத்தி பிரித்து எண் போட்டதிலும், நீதிபதிகளில் யார் ஒத்தார் யார் மறுத்தார் என்று அடையாளம் காட்டியதிலும் ஆசிரியர் குழுவின் தேர்ச்சியும் முடிவும் இருக்கின்றன, அவற்றை அப்படியே நகலெடுக்கக் கூடாது. எழுத்துப்பிழை திருத்துவது, காற்புள்ளி போடுவது போன்ற சில்லறை வேலைக்கு அந்த மதிப்பு கிடையாது.

ஆகவே முடிந்தவரை முதல் பதிப்பிலிருந்தோ முதலில் வந்த இதழிலிருந்தோ தட்டச்சு செய்யுங்கள். செம்பதிப்பை ஒப்பிட்டுப் பார்க்க மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். பக்கத்தையே ஒளிவருடிப் படமாகப் போடும் யோசனை இருந்தால் கைவிடுங்கள். பிரிட்டன் போன்ற நாடுகளில் அச்சுப் பக்கத்தின் அமைப்புக்கே 25 ஆண்டு உரிமை தனியாக உண்டு.

மொழிபெயர்ப்புக் கதை ஏதாவது தொகுப்பில் இருக்கிறதா? இருந்தால் மூல ஆசிரியர், மொழிபெயர்த்தவர் இருவரின் மறைவு ஆண்டும் வேண்டும். மூலம் 19ஆம் நூற்றாண்டு என்பதால் மொழிபெயர்ப்பும் பொது என்று ஆகிவிடாது. உரைநூலும் இதே கதைதான். சங்கப் பாடல் எல்லாருடையது, போன மாதம் அச்சான அதன் உரை எழுதியவருடையது.

நாட்கணக்கர்:

2ஆம் கேள்விக்கு நான் வருகிறேன். 50, 60, 70 மூன்றுமே சரி. எந்த நாடு என்பதுதான் வேறுபாடு.

பெர்ன் வைத்த குறைந்த அளவு, ஆசிரியரின் ஆயுளும் அதற்குப் பின் 50 ஆண்டும். மலேசியா அதோடு நின்றுவிட்டது. இந்தியாவில் 60. முன்பு 50ஆக இருந்ததை 1992இல் உயர்த்தினார்கள். 1941இல் மறைந்த தாகூரின் படைப்புகள் 1991 முடிவில் பொதுவுக்கு வரவிருந்ததுதான் அதற்கு உடனடிக் காரணம். இலங்கை (2003 சட்டம்), சிங்கப்பூர், பிரிட்டன், ஐரோப்பிய ஒன்றியம் எல்லாம் 70. கனடா 2022 முடிவில் 70க்குத் தாவியது.

கணக்கு, இறந்த நாளிலிருந்து ஓடாது. அடுத்த ஆண்டு சனவரி 1 முதல் ஓடும். ஒருவர் 1964 மார்ச்சில் காலமானார் என்று வைத்துக்கொள்வோம். மலேசியாவில் 2014 டிசம்பர் 31 வரை, இந்தியாவில் 2024 டிசம்பர் 31 வரை, இலங்கையிலும் சிங்கப்பூரிலும் 2034 டிசம்பர் 31 வரை. அதாவது உங்கள் தொகுப்பு இந்தியாவிலும் மலேசியாவிலும் இன்று சரி, மற்ற இரண்டு நாட்டில் அந்தந்தச் சட்டத்தைப் பார்க்க வேண்டும். படைப்பு முதலில் வெளியான நாட்டில் காலம் முடிந்துவிட்டால் மற்ற நாடும் அந்தக் குறைந்த கெடுவோடு நின்றுகொள்ளலாம் என்று பெர்ன் 7ஆம் பிரிவில் ஒரு வழி இருக்கிறது. எல்லா நாடும் அதைப் பின்பற்றுவதில்லை. அமெரிக்கா பின்பற்றுவதே இல்லை. ஆகவே ‘இந்தியாவில் முடிந்துவிட்டது, உலகம் முழுக்க முடிந்துவிட்டது’ என்று நினைக்க வேண்டாம்.

அமெரிக்கக் கணக்கு இன்னும் முறுக்கு. 1978க்கு முன் வெளியானவற்றுக்கு அங்கே பெரும்பாலும் வெளியான ஆண்டிலிருந்து 95 ஆண்டு. 1950இல் இந்தியாவில் அச்சான கதை, ஆசிரியர் மறைவு 1960. இந்தியாவில் 2021 சனவரி 1 முதல் பொது. 1996 சனவரி 1 அன்று இந்தியாவில் உரிமை உயிரோடு இருந்ததால், அமெரிக்கா அன்று அதற்கும் உரிமையை மீட்டுக் கொடுத்துவிட்டது. பொதுவாக அங்கே 2045 முடியும்வரை காத்திருக்க வேண்டும். இணையக் கடையில் நூலை ஏற்றும்போது ‘உலகம் முழுவதும்’ என்ற பெட்டியில் இயல்பாகவே குறி விழுந்திருக்கும். அதை எடுத்துவிட்டு, கணக்கு சரிவந்த நாடுகளை மட்டும் தேர்ந்தெடுங்கள். புகார் வருவது பெரும்பாலும் அந்த ஒரு குறியால்தான்.

கணக்கு தப்பும் இடங்கள் மூன்று. இருவர் சேர்ந்து எழுதியது என்றால் கடைசியாக மறைந்தவரின் ஆண்டு. ஆசிரியர் யாரென்றே தெரியாத படைப்பு என்றால் வெளியான ஆண்டிலிருந்து. ஆசிரியர் வாழ்நாளில் வெளிவராமல், இறந்த பின் முதன்முறையாக அச்சானது என்றால் இந்தியாவில் அந்த வெளியீட்டு ஆண்டிலிருந்து 60. பெட்டியிலிருந்து கண்டெடுத்த கையெழுத்துப்படிகளுக்கு இந்த மூன்றாவது விதி பெரிய பள்ளம்.

நாட்டுடைமை பற்றி யாரும் கேட்கவில்லை, ஆனால் கேட்பீர்கள். தமிழ்நாடு அரசு வாரிசுகளுக்குப் பரிவுத்தொகை கொடுத்து நாட்டுடைமை ஆக்கிய எழுத்தாளர் என்றால் ஆண்டுக் கணக்கு பார்க்காமலே அவர் நூல்களைப் பதிப்பிக்கலாம். அந்த நூலுக்கு இன்னொருவர் எழுதிய முன்னுரையும், வேறொருவர் வரைந்த ஓவியமும் அதில் வராது. ஒற்றெழுத்து சொன்ன அடுக்கு இங்கேயும் பொருந்தும்.

சும்மாபோடு:

இவ்வளவு பயமுறுத்த வேண்டுமா? ஆயிரம் பேர் பிடிஎஃப் போட்டு வைத்திருக்கிறார்கள். விற்கப்போவது 200 பிரதி. யார் கேட்கப்போகிறார்கள்?

ஒற்றெழுத்து:

கேட்காமல் போகலாம். ஆனால் இவர் காசுக்கு விற்கிறார். இந்தியச் சட்டத்தின் 63ஆம் பிரிவில் தெரிந்தே மீறினால் 6 மாதம் முதல் 3 ஆண்டு வரை சிறை, ₹50,000 முதல் ₹2 லட்சம் வரை அபராதம். வணிக ஆதாயம் இல்லாத மீறல் என்றால் நீதிமன்றம் காரணம் எழுதிக் குறைக்கலாம், விற்பனைக்கு அந்தச் சலுகை கிடையாது. இது பிடியாணை இல்லாமலே காவல்துறை நடவடிக்கை எடுக்கக்கூடிய, பிணையில் வர உரிமை இல்லாத குற்றம் என்று 2022இல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. நடைமுறையில் சிறைக்கு முன்னால் வேறொன்று வரும். ஒரே ஒரு கதைக்கு வந்த புகாரால் கடைக்காரர் மொத்தத் தொகுப்பையும் இறக்கிவிடுவார். மீதி 14 கதையும் அதோடு போகும்.

சாந்துச்சட்டி:

அட்டைப்படக் கேள்வியை யாரும் தொடவில்லை.

‘நன்றி: இணையம்’ என்பதற்கு அர்த்தமே இல்லை. இணையம் யாருக்கும் படம் எடுத்துக் கொடுப்பதில்லை. உரிய ஆளின் பெயரைச் சரியாகப் போட்டாலும் அது நன்றிதான், அனுமதி ஆகாது. இரண்டும் வேறு வேறு கடமை.

அனுமதி கேட்காமலே பயன்படுத்தலாம் என்று படைத்தவரே முன்கூட்டி எழுதிவைத்த படங்கள் உண்டு. கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமங்கள் 2002 முதல் புழக்கத்தில் இருக்கின்றன. ஆறு வகை. பெயரில் ஒட்டியிருக்கும் எழுத்துகளைப் பாருங்கள். பிஒய் என்றால் பெயர் சொல்ல வேண்டும், ஆறிலும் இது உண்டு. என்சி இருந்தால் வணிகத்துக்கு ஆகாது, உங்கள் நூல் விற்பனைக்கு என்பதால் அதை அங்கேயே விட்டுவிடுங்கள். என்டி இருந்தால் மாற்றி வெளியிடக் கூடாது. பாதியை வெட்டி, நிறம் மாற்றி, நடுவில் தலைப்பை ஏற்றினால் மாற்றியதாகக் கொள்ள இடம் இருக்கிறது, அட்டைக்கு அதையும் தவிருங்கள். எஸ்ஏ இருந்தால் நீங்கள் மாற்றி உருவாக்கியதையும் அதே உரிமத்தில் திறந்துவிட வேண்டும். மிஞ்சுவது வெறும் பிஒய், அல்லது எல்லா உரிமையையும் விட்டுக்கொடுக்கும் சிசி ஸீரோ.

பெயர் போடுவதில் நான்கு விவரம் வேண்டும்: படத்தின் பெயர், எடுத்தவர், கிடைத்த பக்கத்தின் முகவரி, எந்த உரிமம் எந்தப் பதிப்பு. மாற்றியிருந்தால் மாற்றியதாகவும் சொல்ல வேண்டும். 4.0 பதிப்பில் ஒரு நல்ல வசதி. தவறு தெரிந்த 30 நாளுக்குள் சரிசெய்துவிட்டால் பறிபோன உரிமம் தானாகத் திரும்பும். பழைய பதிப்புகளில் அது இல்லை.

இன்னொரு பொறி: ஏற்றியவரே எடுத்தவராக இருக்க வேண்டிய கட்டாயமில்லை. யாரோ எடுத்ததைத் தன் கணக்கில் ஏற்றித் தாராள உரிமம் கொடுத்திருப்பார். தேடுபொறியில் அந்தப் படத்தையே கொடுத்து, வேறெங்கே இருக்கிறது என்று தேடுங்கள். ஏற்றிய தேதிக்கு முன்பே, இதைவிடப் பெரிய அளவில் வேறெங்காவது இருந்தால் ஒதுங்கிவிடுங்கள்.

ஏட்டுப்பூச்சி:

நன்றி. தலை சுற்றினாலும் இப்போது ஒழுங்காகச் சுற்றுகிறது. செயற்கை நுண்ணறிவுச் செயலியில் அட்டை செய்துகொண்டால் இந்தத் தொல்லையே இல்லையே?

சாந்துச்சட்டி:

ஒரு தொல்லை போய் வேறொன்று வரும். மனிதக் கை இல்லாத படைப்புக்கு உரிமை கிடையாது என்று அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றம் 2025 மார்ச்சில் தாலர் வழக்கில் சொல்லிவிட்டது. கணினி தானாக உருவாக்கியதற்கு ஏற்பாடு செய்தவரே ஆசிரியர் என்று பிரிட்டனின் 1988 சட்டம் சொல்கிறது. இப்படி நாட்டுக்கு நாடு இழுபறி. நாளை இன்னொருவர் உங்கள் அட்டையை அப்படியே தன் நூலுக்குப் போட்டால் எதை வைத்துத் தடுப்பீர்கள்? வந்த படம் ஒரு ஓவியரின் குறிப்பிட்ட ஓவியத்தை உரித்துவைத்தாற்போல் இருந்தால், ‘செயலிதான் செய்தது’ என்பதும் பதிலாகாது.

கல்வெட்டான்:

மேற்கோள் பற்றி. எந்தச் சட்டத்திலும் 10 சதவீதமோ 30 வினாடியோ பொது அளவுகோலாக இல்லை. 1985இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்த்த வழக்கு ஒன்றே இதற்குப் போதும். முன்னாள் அதிபர் ஒருவரின் நினைவுக்குறிப்பு, கையெழுத்துப்படியில் சுமார் 2 லட்சம் சொல். ஒரு வார இதழ் அதிலிருந்து எடுத்து அச்சிட்டது ஏறத்தாழ 300 சொல்தான். கணக்குப் போட்டால் 0.15 சதவீதம். மீறல் என்றே தீர்ப்பு. நூல் இன்னும் வெளிவரவில்லை, எடுத்தது நூலின் உயிர்ப்பகுதி என்பவை காரணங்கள்.

இரண்டு விதமான சட்டங்கள் இருக்கின்றன. இந்தியா நோக்கத்தை எண்ணி வைத்திருக்கிறது: ஆய்வு உட்படச் சொந்தப் பயன், விமர்சனம் அல்லது மதிப்புரை, நடப்புச் செய்தி. இந்த மூன்றுக்குள் முதலில் நுழைய வேண்டும், பிறகு அளவு நியாயமா என்ற கேள்வி. அமெரிக்கா, இலங்கை, சிங்கப்பூர் நான்கு கேள்வி கேட்கும். எதற்காக எடுத்தாய், எப்படிப்பட்ட படைப்பு, எவ்வளவு எடுத்தாய், அதன் சந்தையைக் கெடுக்கிறதா.

உங்கள் அறிமுகத்துக்கு நான் வைக்கும் சோதனை: அந்த மேற்கோளை எடுத்துவிட்டால் உங்கள் பத்தி நொண்டுகிறதா? விமர்சகரின் இரண்டு வாக்கியத்தைக் காட்டி, ‘இந்தக் கணிப்பு முடிவுப் பகுதிக்குப் பொருந்தவில்லை’ என்று நீங்கள் வாதம் செய்தால் நொண்டும், மேற்கோள் தேவை. அவருடைய முழுப் பத்தியையும் கொட்டிவிட்டு ‘எவ்வளவு அருமையாகச் சொன்னார்’ என்று நகர்ந்தால் அவரை வைத்து உங்கள் பக்கத்தை நிரப்பியிருக்கிறீர்கள். பெயரும் மூலமும் எப்போதும் வேண்டும். நாலு வரிக் கவிதையில் ஒரு வரி என்பதே கால் பங்கு, கவிதை, பாட்டு வரிகளில் கை இறுகவே இருக்கட்டும்.

பின்னணிப் பாட்டு இந்த மூன்று நோக்கத்தில் எதிலும் வராது. நீங்கள் அதை விமர்சிக்கவில்லை, அலங்காரமாகத்தான் வைக்கிறீர்கள். 5 வினாடி என்றாலும் அதேதான். பாட்டிலும் அடுக்கு உண்டு: பாடல் வரி, மெட்டு, பாடியவரின் நிகழ்த்துரிமை, ஒலிப்பதிவு. 150 ஆண்டுப் பழைய கீர்த்தனையில் முதல் இரண்டும் எல்லாருக்கும் பொது. போன வருடம் வெளியான அதன் பதிவு அப்படியல்ல. இந்தியாவில் ஒலிப்பதிவுக்கு வெளியீட்டிலிருந்து 60, நிகழ்த்தியவருக்கு 50 ஆண்டு. தெரிந்த ஒருவரை அதே கீர்த்தனையை வீணையில் வாசிக்கச் சொல்லி நீங்களே பதிவு செய்து, அவரிடம் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். அதுதான் மலிவும் கூட.

நாட்கணக்கர்:

எழுதி வாங்குவது என்ற பேச்சு வந்ததால் 5ஆம் கேள்வியை முடித்துவிடுகிறேன். பணம் கொடுத்ததாலேயே உரிமை கைமாறாது. இந்தியாவில் பணம் வாங்கி வரையும் ஓவியத்துக்கு, வேறு ஒப்பந்தம் இல்லையென்றால் வரையச் சொன்னவரே முதல் உரிமையாளர். சிங்கப்பூரில் 2021 நவம்பர் 21 முதல் நேர் எதிர்: வரைந்தவருக்கே. எழுத்து வேலை என்றால் இந்தியாவிலும், சம்பள ஊழியராக இல்லாத வரை எழுதியவருக்கே. இப்படித் தாறுமாறாக இருப்பதால் சட்டம் என்ன சொல்கிறது என்று தேடுவதைவிட ஒரு பக்கம் எழுதிக் கையெழுத்து வாங்குவது சுலபம்.

‘அனைத்து உரிமைகளும் பதிப்பாளருக்கே’ என்று ஒற்றை வரியில் எழுதுவார்கள். இந்தியச் சட்டம் 19ஆம் பிரிவு அதை எப்படிப் படிக்கும் தெரியுமா? எத்தனை ஆண்டு என்று இல்லை, ஆகவே 5 ஆண்டு. எந்த நாடு என்று இல்லை, ஆகவே இந்தியா மட்டும். உங்களுக்கு சிங்கப்பூர் விற்பனை வேண்டும், அந்த வரி அங்கே உதவாது. இதற்குப் பதிலாக இப்படி எழுதலாம்:

‘இன்ன தலைப்பிலான தொகுப்பின் அட்டைக்காக நான் வரைந்த ஓவியத்தை மின்னூல், ஒலிநூல், அச்சுநூல் ஆகிய வடிவங்களிலும் அவற்றின் விளம்பரங்களிலும் நகலெடுக்கவும் விற்கவும், உலகம் முழுவதற்கும், பதிப்புரிமைக் காலம் முடியும்வரை, இன்ன தொகைக்கு உரிமை மாற்றிக் கொடுக்கிறேன். ஓவியர் என்று என் பெயர் அச்சிடப்பட வேண்டும்.’

தேதி, இருவர் கையெழுத்து. அச்சுநூல் இப்போது திட்டத்தில் இல்லாவிட்டாலும் சேர்த்து வையுங்கள். ஆனால் கைமாறிய உரிமையை ஓராண்டுக்குள் பயன்படுத்தாவிட்டால், ஒப்பந்தத்தில் வேறு மாதிரி சொல்லாத வரை, அது திரும்பிப் போய்விடும். ஆகவே ‘ஓராண்டுக்குள் பயன்படுத்தாவிட்டாலும் இது நீடிக்கும்’ என்ற வரியையும் போடுங்கள். ஓவியருக்கு இது நியாயமா என்றால் எனக்கு அரை மனதுதான். தொகையில் அதைச் சரிக்கட்டுங்கள்.

கதை வாசிப்பவருக்கும் இதே போல். ஒலிப்பதிவுக்குத் தயாரிப்பாளராக நீங்கள் உரிமையாளர் ஆனாலும் அவர் குரலுக்கு நிகழ்த்துரிமை தனியாக இருக்கிறது. பதிவு தொடங்கும் முன்பே கையெழுத்து வாங்கிவிடுங்கள். 15 கதையும் பதிவாகி முடிந்த பின் கேட்டால் பேரம் அவர் பக்கம்.

கதையைச் சுருக்கி வாசிக்கும் எண்ணம் இருந்தால் கவனம். ஆசிரியர் பெயரைச் சொல்வதும், அவர் மதிப்பைக் கெடுக்கும்படி சிதைக்காமல் இருப்பதும் இந்தியச் சட்டத்தின் 57ஆம் பிரிவின்படி தனி உரிமை. அதை விற்க முடியாது. சிதைத்ததாக முறையிடுவதற்கு முன்பு பதிப்புரிமைக் காலம் எல்லையாக இருந்தது, 2012 திருத்தத்தில் அந்த எல்லையை எடுத்துவிட்டார்கள். சுருக்கினால் ‘சுருக்கிய வடிவம்’ என்று வெளிப்படையாகச் சொல்லிவிடுங்கள்.

ஏட்டுப்பூச்சி:

எல்லாருக்கும் நன்றி. கணக்குப் போட்டுப் பார்த்ததில் 15இல் 13 கதை நான்கு நாட்டிலும் தேறுகிறது. ஒன்றின் ஆசிரியர் மறைவு 1958. இந்தியாவிலும் மலேசியாவிலும் மட்டும் சரி. இன்னொன்று மறைவுக்குப் பின் 2011இல் முதன்முறை அச்சானது. அதைத் தொகுப்பிலிருந்து எடுத்துவிடலாமா? இரண்டாவது சந்தேகம்: எல்லாம் சரியாக இருந்தும் யாராவது பொய்ப்புகார் கொடுத்தால்?

ஒற்றெழுத்து:

பொய்ப்புகாருக்கு வழி இருக்கிறது. அமெரிக்கத் தளம் என்றால் 1998 சட்டப்படி நீங்கள் எதிர் அறிவிப்பு கொடுக்கலாம். புகார் சொன்னவர் வழக்குப் போடவில்லை என்றால் 10 முதல் 14 வேலை நாளுக்குள் தளம் திரும்ப ஏற்ற வேண்டும். அந்த அறிவிப்பில் உங்கள் உண்மைப் பெயரும் முகவரியும் புகார்தாரருக்குப் போகும், அதைத் தெரிந்தே அனுப்புங்கள். இந்திய விதிகளில் புகார் வந்து 36 மணி நேரத்தில் இறக்குவார்கள். 21 நாளுக்குள் நீதிமன்ற உத்தரவு கொண்டுவராவிட்டால் மறுபடி திறக்கலாம்.

எதிர் அறிவிப்பு எழுதும் அன்று தேடிக்கொண்டிருக்காமல், கதைக்கு ஒரு கோப்புறை இப்போதே போடுங்கள். முதல் வெளியீட்டுப் பக்கத்தின் படம், ஆசிரியர் மறைவு ஆண்டுக்கு இரண்டு சான்று, நாட்டுவாரிக் கணக்கு, கையெழுத்தான ஒப்பந்தம். அட்டைப்படம் கிரியேட்டிவ் காமன்ஸ் என்றால் உரிமம் தெரியும்படி அந்தப் பக்கத்தின் திரைப்பிடிப்பு, எடுத்த தேதியோடு. ஏற்றியவர் பக்கத்தை நாளை அழித்துவிட்டாலும், வாங்கிய உரிமம் செல்லும் என்பதை நிரூபிக்க அது ஒன்றுதான் இருக்கும்.

1958க்காரர் கதைக்கு, தொகுப்பை இரண்டு பதிப்பாகப் பிரித்து அந்தக் கதையுள்ளதை இந்தியா, மலேசியாவுக்கு மட்டும் திறக்கலாம். தலைவலி வேண்டாமென்றால் 2029 சனவரி 1 வரை தள்ளிவையுங்கள்.

கல்வெட்டான்:

2011 கதையை எடுத்துவிடாதீர்கள், கேளுங்கள். இந்தியாவில் அது 2071 டிசம்பர் 31 வரை உரிமைக்குள் இருக்கிறது. வாரிசுகளுக்கு எழுதும் கடிதத்தில் கதையின் பெயர், தொகுப்பின் பெயர், வடிவங்கள், விற்கும் நாடுகள், எத்தனை ஆண்டு, கொடுக்கும் தொகை, கதையை ஒரு சொல்லும் மாற்ற மாட்டீர்கள் என்ற உறுதி எல்லாம் இருக்கட்டும். எல்லா வாரிசுகளும் கையெழுத்திட வேண்டும், மூத்தவர் ஒருவர் சரி என்றது போதாது. 2011இல் அதை அச்சிட்டவரிடம் ஏற்கெனவே உரிமையை எழுதிக் கொடுத்திருக்கிறார்களா, கொடுத்திருந்தால் அந்தத் தாளில் மின்னூல் என்ற சொல் இருக்கிறதா என்பதையும் அதே கடிதத்தில் கேட்டுவிடுங்கள். எழுதி அனுப்பி ஆறு மாதம் பதில் வராவிட்டால் அது சம்மதம் ஆகாது, அப்போது 14 கதையோடு போங்கள்.